திருப்பாமல் வைத்த தொட்டி

அன்புள்ள பாப்புவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்ட அன்றே என்னைப் பார்த்து "ஏன் இப்படி எளைச்சுட்டே?" என்று கேட்டார், பழைய கண்ணாடியில் எப்படித் தெரிந்தேனோ. தம்பி பரீட்சை முடிந்து பகலெல்லாம் தூங்கித் தீர்க்கிறான். இதெல்லாம் போனில் சொல்லக்கூடியவை. நான் எழுத வந்தது வேறு, போனில் என்றால் மழுப்பிவிடுவேன்.

உன் ஆர்க்கிட் செடியைப் பற்றித்தான். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தூசி மாதிரி விதையைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு நீ வளர்த்த அறுபது நாற்றில் மிஞ்சியது அது ஒன்று. ஒரு தடவைகூடப் பூக்காதது. "வேர் வெள்ளையா வெளுத்தா மட்டும் தண்ணி, வாரத்துக்கு ஒரு தடவை போதும், மண் வேண்டவே வேண்டாம்" என்று சீட்டெழுதி அலமாரிக் கதவுக்குள் ஒட்டிவிட்டுத்தான் ஊருக்குப் போனாய். தானே தண்ணீர் குடிக்க மறக்கிற பெண் செடிக்கு யோசனை சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். வெறும் மரப்பட்டைத் துண்டுகளில் அது பட்டினி கிடப்பதாகப் பட்டது. நல்ல மண்ணும் எருவும் போட்டு மாற்றி நட்டு, காலையில் ஒரு டம்ளர், ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் ஊற்றினேன். மூன்றாம் மாதம் இலைகள் சுருங்கித் தொங்கின, தாகம் என்று இன்னும் ஊற்றினேன். நீ வீடியோவில் கேட்டபோதெல்லாம் ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்று போனைத் திருப்பினேன். போட்டோ கேட்டபோது முதல் வாரம் எடுத்ததையே அனுப்பினேன். பொய்தான்.

அந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டில் பல் செட் செய்கிறாரே, நீ பல் மாமா என்று பெயர் வைத்தவர், அவர் ஏணி கேட்டு வந்தார். ஏணியை மறந்து நேரே ஜன்னலுக்குப் போனவர், "ஏம்மா, மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வேரைக் காத்துல விட்டு வாழுற ஜீவன் இது, இதை உசுரோட பொதைச்சு வச்சிருக்கீங்களே!" என்றார். கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் கூழ். பல் அச்சுக்கு மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியைத் தீயில் காட்டி, அழுகியதை நறுக்கி எடுத்தார். தேறியது மூன்று வேர். பக்கவாட்டில் ஓட்டையுள்ள தொட்டியில் புது மரப்பட்டை போட்டு, இளவெயில் வரும் கிழக்கு ஜன்னலில் வைத்தார். "இனிமே இதைத் தொல்லை பண்ணாம இருக்கணும், அதான் உங்க வேலை" என்றார். அதைவிடக் கஷ்டமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை பாப்பு. டம்ளரோடு போய், வேர் பச்சையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரை நானே குடித்துவிட்டு வருவேன்.

ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இரண்டு புது இலை விட்டது. போன வாரம் இலையிடுக்கில் ஒரு முளை. நுனி உருண்டையாக இருந்தால் வேர், கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறை மாதிரி இருந்தால் பூந்தண்டு என்று சீட்டில் படம் போட்டிருந்தாயே, அப்பாவின் புதுக் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கையுறையேதான்! மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சந்தோஷத்தில் அவருக்கு வாய் தவறிவிட்டது. "பாப்புகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா? மாசாமாசம் கேக்குறாளே" என்றார். அவரிடமே இரண்டு ஏணி இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அனுப்பிய போட்டோவில், எப்போதோ மாற்றிவிட்டதாக நானே உன்னிடம் சொன்ன ஜன்னல் கண்ணாடியின் பழைய விரிசல் தெரிந்ததாமே. நீ கண்டுபிடித்து அவரை அனுப்பிவைத்து, "நான் சொன்னேன்னு அம்மாவுக்குத் தெரிய வேணாம், பாவம், மனசு ஒடிஞ்சிடுவாங்க" என்றாயாம். அத்தனை வருஷ உழைப்பு அழுகிக்கொண்டிருந்தபோதும் நீ என் மனசைப் பார்த்திருக்கிறாய். வேலை ஓடவில்லை, ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

பூ விரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், விரிந்தால் இரண்டு மாதம் நிற்கும் என்கிறார் மாமா. உன் லீவு அதற்குள் வந்துவிடும். தண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தே நீள்கிறது. பூ வீட்டைப் பார்க்கட்டுமே என்று தொட்டியைத் திருப்பக் கை போனது. நடுவில் திருப்பினால் தண்டு முறுக்கிக்கொள்ளும் என்று உன் சீட்டில் இருக்கிறது. கையை எடுத்துக்கொண்டேன். அது எந்தப் பக்கம் பார்த்துப் பூத்தாலும் சரி.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி நன்றாக இரு. மறக்காமல் தண்ணீர் குடி, வாரத்துக்கு ஒரு தடவை உனக்குப் போதாது.

உன்னை நினைத்தபடி,
அம்மா