டீச்சரின் பழைய தாடை

ஜூன் 3

டீச்சருக்குப் புண் ஆறிவிட்டது, பல் செய்ய ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டியோடு கீழ்த்தாடையில் பாதியை எடுத்து, காலெலும்பை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் அவரை நானும் அண்ணனும் நடத்தும் இந்தப் பல்செட் லேபில் உட்காரவைத்து நான் எடுத்த ஸ்கேன்தான் இனி அவருடைய பழைய பல்லுக்கு ஒரே அச்சு. "எனக்கு என் பழைய வாயே வேணும்மா. பசங்க என்னைப் பாத்துப் பயந்துடக் கூடாது" என்றார் அன்றைக்கு. பின்னறையில் பல் கடையும் மெஷினுக்கென்று தனிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. வெள்ளோட்டம் பார்க்க அதற்கும் ஸ்கேனை அனுப்பிவைத்தேன்.

ஜூன் 4

விளங்கினாற்போலத்தான்.

காலையில் அண்ணன் ஒரு மெயிலைத் திறந்தான். ஏதோ கிளினிக், ஸ்கேன் இணைத்திருக்கிறதாம், அவசரமாம். முன்பின் தெரியாத டாக்டர்கள் அனுப்புவதும் நாங்கள் திறப்பதும் இந்தத் தொழிலில் தினப்படி நடப்பதுதானே. சற்று நேரத்தில் என் திரையில் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின. எதுவும் திறக்கவில்லை. வைரஸ்தான்.

பின்னறைக்கு ஓடினேன். அந்தக் கம்ப்யூட்டரின் நெட் ஒயரைப் பிடுங்கினேன். பிறகு என்னுடையதை, அண்ணனுடையதை. வைஃபை பெட்டியையும் அணைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் — அண்ணன் பேக்கப் டிஸ்க்கைக் கொண்டுவந்து அவன் கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கிறான்! எல்லாவற்றையும் காப்பாற்றப் போகிறானாம். நெட்டைப் பிடுங்கினால் போதுமா, நோய் உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறது? டிஸ்க்கை இழுப்பதற்குள் அதையும் தின்றுவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

கம்ப்யூட்டர்காரர் ஊரில் இல்லை. போனில் சொன்னார்: "ஆஃப் பண்ணாதீங்க, ஆன் பண்ணாதீங்க, எதையும் தொடாதீங்க. பாஸ்வேர்டை மட்டும் போன்லேர்ந்து மாத்திடுங்க." பின்னறைக் கம்ப்யூட்டர் தப்பியதா என்று கேட்டேன். "நீங்க முந்தினீங்களா, அது முந்திச்சான்னு நான் வந்து பாத்தாத்தான் தெரியும்."

ஜூன் 5

எங்கள் பெயரில் மெயில் வந்தால் திறக்காதீர்கள் என்று கிளினிக் கிளினிக்காகப் போன் செய்தோம். ஒரு டாக்டர், வைரஸுக்கும் பல்செட் கட்டினீர்களா என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6

டீச்சரின் மகள் கூப்பிட்டாள். மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். பிறகு, "அம்மாகிட்ட இப்போ சொல்லாதீங்கக்கா" என்றாள்.

சோறு இறங்கவில்லை.

ஜூன் 7

பின்னறைக் கம்ப்யூட்டரை ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாமே என்கிறான் அண்ணன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் உள்ளே அது படுத்திருந்தால்? எழுப்பிவிடுவது நாங்களாக இருக்க வேண்டுமா? பின்னறையைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாவம், வேண்டுமென்றா செய்தான்? நான் அவ்வளவு பேசியிருக்க வேண்டாம்.

ஜூன் 9

கம்ப்யூட்டர்காரர் வந்தார். எங்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டரும் போயே போய்விட்டன. துடைத்துவிட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு பின்னறைக்குள் போனவர் வரவே இல்லை. அண்ணன் கதவருகிலேயே நின்றான், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கடைசியில் எங்களைக் கூப்பிட்டார். திரையில் டீச்சரின் தாடை, நான் எடுத்தபடியே, முழுசாக. "முந்திட்டீங்க" என்றார். அண்ணன் அழுதுவிட்டான். நானும்தான்.

ஜூலை 11

டாக்டர் பல்லை மாட்டியபோது நானும் போயிருந்தேன். டீச்சர் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். முகம் சுருங்கியது.

"கீழ்ப்பல்லு ஒண்ணு கோணலா இருக்கேம்மா."

எங்கே தவறவிட்டேன்? ஸ்கேனிலேயே பழுதா?

மகள்தான் குனிந்து பார்த்தாள். "அது எப்பவுமே கோணல்தாம்மா."

டீச்சர் நாக்கால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் திருப்பித் தரவே இல்லை.