முதுகு காட்டியவள்

இவாசகா நகர அருங்காட்சியகம்
4 நவம்பர்

அன்புள்ள ரியோஹெய்,

மலையில் மேப்பிள் இலைகள் சிவந்துவிட்டன. உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். எங்களிடம் இருந்த மரக்கட்டை அச்சுப் படத்தைப் பார்த்து, இருபது வருஷத்துக்கு முன் தூரிகையால் ஒரு பிரதி வரைந்து தந்தாயே, முதுகு காட்டி அமர்ந்திருக்கும் அந்தப் பெண் கவி, அதே போல இன்னொன்று வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கத்தான் அன்று கேட்டேன். அந்த மழைக்காலத்திலேயே கிடங்கில் தண்ணீர் இறங்கி அசல் அச்சு கூழாகிவிட்டது. ஊருக்கு இருந்த ஒரே பெயர்பெற்ற படம் அதுதான். வேறு வழி தெரியாமல் உன் பிரதியைக் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது அதில் நீலம் வெளுத்துவிட்டது. மே மாதம் எங்கள் முப்பதாம் ஆண்டு விழாவுக்கு ஆளுநர் வருகிறார். ‘பார்த்து வரைந்தவர் மினேகிஷி ரியோஹெய்’ என்று ஓரத்தில் எழுதும் வரி மட்டும் இந்த முறை வேண்டாம். சென்ற முறை அதைப் படச்சட்டத்துக்குள் மறைக்க மிகவும் சிரமப்பட்டேன்.

உன் பழைய நண்பன்,
தொகுரா கென்சாக்கு


15 நவம்பர்

தொகுரா கென்சாக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. இலை சிவந்ததைப் பற்றியும் எழுத மாட்டேன். ஜன்னல் எனக்கும் இருக்கிறது.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் அந்தப் படத்துக்கு முன்னால் நாம் இருவரும் நின்றோம். விளக்கு மங்கலாக இருந்தது, நடுவில் கயிறு கட்டியிருந்தாய். அவள் கூந்தல் இடுப்பைத் தாண்டி விழும் அந்த ஒற்றைக் கோட்டைக் காட்டி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. “பாத்தியா ரியோஹெய், இதுதான்டா கை. நீ எத்தனை வருஷம் மை தேச்சாலும் இது உனக்கு வராது.”

நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து என் சொந்தப் படங்களையெல்லாம் கட்டி அலமாரிக்குள் தள்ளினேன். அடுத்த மாதம் நடக்கவிருந்த என் முதல் கண்காட்சியை ரத்து செய்தேன். அன்றிலிருந்து மற்றவர்கள் படத்தைப் பார்த்து வரைகிறவனாக மட்டுமே இருக்கிறேன். நான் போட்ட கோட்டின் முன்னால் நானே தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அது உனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

நானும் ஒரு மடையன். செதுக்கி அச்சிட்ட கோடு கடைசிவரை ஒரே கறுப்பாக இருக்கும். தூரிகைக் கோடு நுனியில் மை வற்றும். இதைத்தான் மாணவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்கிறேன். அன்று நீ அசல் என்றாய், நான் நுனியைப் பார்க்கவில்லை.

படம் வரைந்து தருகிறேன். ஏப்ரலில் வந்து சேரும். என் பெயரும் அதில் இருக்கும்.

பார்த்து வரைபவன்,
மினேகிஷி ரியோஹெய்


10 ஏப்ரல்

ரியோஹெய்,

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவளைத் திருப்பிவிட்டாயே!

அவள் அழகு வரைவதற்கு அடங்காது என்றுதானே பழைய ஓவியர்கள் முதுகை மட்டும் காட்டினார்கள். நீயோ அவளை நேருக்கு நேர் பார்க்க வைத்திருக்கிறாய், அதுவும் கண்ணுக்குக் கீழே சுருக்கங்களோடு. உன் பெயரை உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பில், அவள் மடியின் மேலேயே எழுதியிருக்கிறாய். இதை எந்தச் சட்டத்துக்குள் மறைப்பது?

அந்தப் பிப்ரவரி நாளில் நகரசபைக்காரர்கள் இரண்டு பேர் நமக்குப் பின்னால் நின்றார்கள். அவர்கள் அதை அசல் என்று நம்ப வேண்டுமே, அதனால்தான் அப்படிப் பேசினேன். உன் கண்காட்சி அதனால் நின்றது என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு. ஆனால் இதை நான் மாட்ட முடியாது, திருப்பி அனுப்புகிறேன். விழாவுக்கு விளக்கைக் குறைத்து, வெளுத்ததையே வைத்துச் சமாளிக்கிறேன்.

கென்சாக்கு


28 மே

தொகுரா கென்சாக்கு,

படம் சேதமில்லாமல் வந்தது. பெட்டியைக் கட்டியது நீதான் என்று முடிச்சைப் பார்த்ததும் தெரிந்தது.

அதை என் தங்கை தொமேகோ நடத்தும் பொதுக் குளியலகத்தில் மாட்டியிருக்கிறேன். ஆண்கள் வாசலுக்கும் பெண்கள் வாசலுக்கும் நடுவில், ஊரே செருப்பைக் கழற்றும் இடத்தில். கீழே ஓர் அட்டை எழுதி வைத்தேன்: ‘இதே கை வரைந்த இன்னொரு படம் நம் அருங்காட்சியகத்தில் பழைய அச்சு என்ற பெயரில் தொங்குகிறது. போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.’

கூட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. மீன்கடை இசோ முதல் நாளே சொன்னாளாம், “இத்தனை காலமும் முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தவ, நம்ம ஊரு வெந்நியப் பாத்துத்தான் திரும்பியிருக்கா.” கூட வந்தவள், முகம் தொமேகோவைப் போல இருக்கிறதே என்றாளாம். “அப்ப அழகின்னு சொன்னது பொய்யா?” என்று இசோ கேட்க, தொமேகோ அன்று அவளுக்குச் சோப்பு தரவில்லை.

உன்னிடமும் சிலர் வந்து கேட்டார்களாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றாயாம். யாரிடம் விசாரிப்பாய்?

நேற்று நீ குளியலகத்துக்கு வந்ததைத் தொமேகோ சொன்னாள். குளிக்கவில்லையாம். தோளில் துண்டும் கையில் செருப்புமாக நெடுநேரம் படத்துக்கு முன்னால் நின்றாயாம். அட்டையை இரண்டு முறை படித்தாயாம். அவளுக்கே பொறுக்காமல், “அட்டைய எடுத்துரட்டுமா கென்சாக்கு அண்ணா?” என்று கேட்டிருக்கிறாள்.

“இருக்கட்டும் தொமேகோ. விளக்குதான் ரொம்பக் கிட்ட இருக்கு. நீலம் போயிடும்” என்றாயாம்.

உன் சுவரில் ‘பழைய அச்சு’ என்ற பலகை இருக்கும்வரை என் அட்டையும் இருக்கும். அதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். அலமாரியில் கிடந்த என் பழைய படக்கட்டைப் பிரித்துவிட்டேன். இலையுதிர் காலத்தில் அந்தப் படங்களும் இதே சுவருக்கு வரும்.

விளக்கைத் தள்ளி வைத்திருக்கிறேன். நீலத்துக்காக. நீ சொன்னதற்காக இல்லை.

குளிக்க வருவதாக இருந்தால், செவ்வாய்க்கிழமைகளில் குளியலகம் பூட்டியிருக்கும்.

மினேகிஷி ரியோஹெய்