கொட்டாவி பற்றி ஒரு கட்டுரை

இன்று காலை மெட்ரோவில் எதிரே இருந்தவர் வாய் பிளந்து கொட்டாவி விட்டார். பக்கத்தில் இருந்தவர் தொடர்ந்தார், கடைசியில் நானும். கண்ணில் நீர் கட்டியது. பாதி கொட்டாவியால், பாதி உன்னால்.

அல்சூர்ப் பள்ளியில் நீ அறிவியல் ஆசிரியை, நான் கணக்கு ஆசிரியை. எதை எழுதச் சொன்னாலும் உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கைடைப் பார்த்து அப்படியே இறக்கிவைப்பார்கள். அவர்களில் மஞ்சுளா அதையும் செய்ய மாட்டாள். பெயரை மட்டும் அழகாக எழுதி வெற்றுத் தாளைத் தருவாள். "ஒளிச்சேர்க்கை பத்தி அவங்களுக்கு என்னப்பா கவலை?" என்று அலுத்துக்கொண்ட நீ, மறுநாள் தலைப்பை மாற்றினாய்: கொட்டாவி ஏன் தொற்றுகிறது? பார்த்ததையும் யோசித்ததையும் எழுத வேண்டும். கைடில் கிடைக்காது.

மஞ்சுளா பக்கம் பக்கமாக எழுதினாள். அவள் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த இடம்தான் வினையானது. காலைப் பிரார்த்தனையில் தலைமையாசிரியை பேசும் நேரம்! "மேடம் 'ஒழுக்கம்' என்றதும் பி.டி. சாரிடம் முதல் கொட்டாவி தோன்றியது. விரைவில் ஆசிரியர் வரிசை முழுவதும் பரவியது. கணக்கு மிஸ் முந்தானையால் மறைத்தார். ஆனாலும் தெரிந்தது."

அந்தத் தாள் எப்படியோ தலைமையாசிரியையின் மேசைக்குப் போனது. நம் இருவரையும் அழைத்தார்.

"ஏன்ரீ, என்ன இது? போர்ஷன் முடிக்காம இதையா எழுத வைக்கிறீங்க? அந்தப் பொண்ணோட அப்பா அம்மாவை வரச் சொல்லுங்க."

நீ அசையவில்லை. "தலைப்பு நான் குடுத்தது, மேடம். கூப்பிடணும்னா எங்க அம்மாவைக் கூப்பிடுங்க. ஆனா முழுசா படிச்சிட்டுச் சொல்லுங்க. இந்தப் பொண்ணு இதுவரைக்கும் ஒரு வரி எழுதினதில்ல."

படித்தார். இரண்டாம் பக்கத்தில் தாடை இறுகியது, மூக்கு விரிந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பெரிய கொட்டாவி. உடனே நான், அப்புறம் நீ.

"படிச்சாலே தொத்தும்னு அவ கடைசியில எழுதியிருக்கா, மேடம்" என்றாய்.

"என் பேச்சு அவ்ளோ நீளமா?"

"அதுக்குத் தனிக் கட்டுரை எழுதச் சொல்லலாம்."

அவர் சிரித்துவிட்டார். மஞ்சுளாவின் வீட்டுக்கு அழைப்பு போகவில்லை. மறுநாள் பிரார்த்தனையில் அவர் பேச்சும் சட்டென்று முடிந்தது.

நீ திடீரென்று இறந்துபோன பிறகு, வேறு ஆள் கிடைக்கும்வரை உன் வகுப்பை எனக்குத் தந்தார்கள். விடை தெரியாமல் கேள்வி கேட்டு இந்தக் கணக்குக்காரிக்குப் பழக்கமில்லை. போன வாரம் துணிந்து பலகையில் எழுதினேன்: நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டினால் ஏன் சிரிப்பு வருவதில்லை?

"மிஸ், உங்களுக்கு ஆன்ஸர் தெரியுமா?" என்றாள் ஒருத்தி.

நீ கூச்சமில்லாமல் சொல்லும் பதில் என் வாயில் முதல்முறையாக வந்தது. "தெரியாதும்மா. நீங்க எழுதிக் காட்டுங்க."

வகுப்பே தன் இடுப்பில் தானே விரல் வைத்துப் பார்த்தது. பிறகு குனிந்து எழுதத் தொடங்கியது. பலகைப் பக்கம் திரும்பி நானும் ஒருமுறை முயன்றேன். சிரிப்பு வரவில்லை. அதற்கு இன்னொருத்தி வேண்டும்போல.