ஜிகினாவின் வாய்க்கு நான் செய்த கம்பி

மாமு,

போன சனிக்கிழமை கிண்டிப் பக்கம் ஒரு குதிரைச் சாமான் கடையில், நாலு பேர் பார்க்க, கடிவாளக் கம்பி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நின்றேன். கடைக்கார அம்மா பதறிப்போய், "சார், அது குதிரைக்கு" என்றார். "சும்மா பார்க்கிறேன்" என்று சொல்லத்தான் நினைத்தேன். வாயில் இரும்போடு "ஹும்மா ஹாக்கிறேன்" என்றுதான் வந்தது. என் மகள் கையால் முகத்தை மூடிக்கொண்டு, "நைனா, மொதல்ல அத்த துப்பு" என்றாள்.

எல்லாம் உன்னிடம் பார்த்த பழக்கம். புதுக் கம்பி எதுவானாலும் நீ முதலில் உன் வாயில்தான் வைத்துப் பார்ப்பாய். "எம் பல்லே ஒத்துக்கலைன்னா அதும் பல்லு எப்டி மாமு ஒத்துக்கும்?" என்பாய். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த இரும்பு ருசி நாக்கில் பட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். இதையும் தண்டையார்பேட்டைப் பட்டறையில் நின்றபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பத்தாவதோடு நின்ற படிப்பு இன்னொரு காரணம்.

பாப்பா மறுபடியும் குதிரை ஏறுகிறாள். வேலைக்குப் போகிற பெண், ஞாயிறானால் ஊருக்குத் தெற்கே ஒரு பயிற்சி இடத்துக்குப் போய்விடுகிறாள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரையாம். தலையை உதறிக்கொண்டே இருக்கிறதாம். வாய்க்கு ஏற்ற கம்பியாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். "இரும்பு உனக்குத் தெரியும், வா நைனா" என்று என்னை இழுத்துப் போனாள். இரும்பு எனக்குத் தெரியும். குதிரை வாய் தெரியாது. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

உன் குதிரை ஜிகினாவை நினைத்துக்கொள்கிறேன். வண்ணாரப்பேட்டைக் கல்யாண ஊர்வலத்தில் பத்து மேளத்துக்கு நடுவில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு அசராமல் நடப்பாள். கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் மட்டும் உயிர் போய்விடும் அவளுக்கு. திருவொற்றியூரில் உன் கொட்டகையோ கிடங்குகளுக்குப் பின்னால்; துறைமுகத்துக்குப் போகிற லாரியெல்லாம் அந்த வழிதான். பதிமூன்று வயசில் பாப்பா அவள்மேல் ஏறி உட்கார்ந்தபோது நான் சிரித்தேன். ஒரு நாள் ஹாரன் சத்தத்தில் ஜிகினா பாப்பாவோடு மைதானத்தைத் தாண்டி ரோட்டு ஓரம் வரைக்கும் ஓடினாளே, அன்றைக்குச் சிரிப்பு நின்றது.

அப்பன் புத்தி, அதுவும் வெல்டிங்காரன் புத்தி. கம்பி பலமாக இருந்தால் குதிரை நிற்கும் என்று கணக்குப் போட்டேன். ஜன்னல் கிரில்லுக்குப் போடுகிற சதுர முறுக்குக் கம்பியை எடுத்து, வளையம் வைத்து, குரோமியம் பூசி, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினேன். நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இன்னா மாமு, குதிரை வாய்க்கு கேட்டுக் கதவு போட்டுகினு வந்துகீற?"

"கேட்டு போட்டாத்தான் நிக்கும்."

"அது ஓடறதே பயத்துல. வாயும் வலிச்சா இன்னும் பயந்துக்கும். இந்த முறுக்கு நாக்க அறுத்துடும் மாமு. வாய்தான் அதுக்கு காது, நாம சொல்றது அது வழியாத்தான் கேக்கும்."

பிறகு எனக்குக் காட்டினாய். ஒரு நூலை ஜிகினாவின் வாய்க்குள் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் உதட்டோரம் முடிச்சுப் போட்டு அளந்தாய். கம்பி அந்த அளவைவிடக் கொஞ்சம்தான் வெளியே நிற்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் வெட்டும், ரொம்பத் தடித்தால் வாயை மூட முடியாது. மாட்டினால் வாயோரம் ஒரு சுருக்கம் விழ வேண்டும். வெயிலில் கிடந்த கம்பியைத் தண்ணீரில் முக்காமல் நீ மாட்டியதே இல்லை. நான் செய்ததை ஆணியில் தொங்கவிட்டாய். தூக்கிப் போட்டிருக்கலாம். என் மனசு நோகும் என்று பார்த்தாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் ஊர்வல வாடகை பேச நீ போயிருந்தாய். "பழைய கம்பிய மாட்டி ரெண்டு ரவுண்டு நடத்து, போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் ஆணியில் இருந்ததை எடுத்தேன். பாப்பா வாசல் பக்கம் நின்று செருப்பை மாற்றிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. மூன்றாவது ரவுண்டில் ஹாரன் அடித்தது. "இழு பாப்பா, விடாத, இழு!" என்று கத்தினேன். இழுத்தாள். ஜிகினா நட்ட கட்டைபோல நின்றுவிட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன் மாமு, என் இரும்பு வேலை செய்துவிட்டது என்று. கிட்டே போனபோதுதான் பார்த்தேன், வாய் நுரை சிவப்பாக இருந்தது.

நீ வருவதற்குள் ஜிகினாவின் வாயைக் கழுவினேன். என் கம்பியைத் துடைத்து ஆணியிலேயே தொங்கவிட்டு, பழைய கம்பியை மாட்டினேன். நீ வந்ததும் அவள் தலையை ஆட்டுகிற விதம் பார்த்தே உதட்டைத் தூக்கினாய். நாக்கைப் பார்த்தாய்.

"யாரு மாமு கயிறு புடிச்சிகினு இருந்தது?"

"பாப்பாதான்."

பொய்யில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் தாங்கியது.

நீ பாப்பாவைத் திட்டவில்லை. தலையைத் தடவி, "உங் கை கொஞ்சம் முரட்டுக் கை கண்ணு. கொஞ்ச நாள் போவட்டும், அப்பறம் வா" என்றாய். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அப்புறம் உன் கொட்டகைப் பக்கம் அவள் வரவே இல்லை. நீ நாலைந்து தடவை கேட்டாய். பரீட்சை என்றேன், டியூஷன் என்றேன். ஜிகினாவின் நாக்கு இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது.

போன சனிக்கிழமை கடையில் கம்பியை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். வழவழவென்று, நடுவில் மூட்டு வைத்தது. அந்தக் குதிரை வாயில் அளந்து கொண்டுவந்த நூல் முடிச்சை வைத்துப் பார்த்துதான் எடுத்தாள். உன்னிடம் அவளும் பார்த்திருக்கிறாள். ஸ்கூட்டரை அவள் ஓட்ட, நான் பின்னால் கம்பிப் பொட்டலத்தைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தேன். ராயபுரம் பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றபோது முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"கயிறை இறுக்கிப் புடின்னு வாரா வாரம் திட்றாங்க நைனா. எனக்கு வரல. புடிச்சா அதுக்கு வலிக்குமோன்னு கீது. எங் கைதான் முரட்டுக் கையாச்சே."

பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் கத்தின. "போ பாப்பா, போ" என்றேன். உன்னிடம் அன்றைக்கும் இவளிடம் இன்றைக்கும் சொல்லாமல் நான் முழுங்கியது ஒன்றேதான் மாமு:

அது அவ கை இல்ல, என் கம்பி.