இரவல் வலது கை

பீளமேடு, கோயம்புத்தூர்
14.8.1997

1. மேற்படி ஊரில் வசித்து வழக்கறிஞர் தொழில் புரியும் சென்னகிருஷ்ணன் ஆகிய நான், அமெரிக்காவில் சிகாகோ நகரில் பணிபுரியும் என் ஒரே மகன் சசிதருக்கு, நல்ல நினைவுடனும் எவருடைய தூண்டுதலுமின்றியும் எழுதுவது.

2. நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். ஊகம் வருமிடத்தில் ஊகம் என்றே குறிப்பிடுவேன்.

அன்புள்ள சசிதருக்கு ஆசிகள். உன் அம்மாவின் வலது கை, பக்கவாதத்துக்குப் பிறகு நீ பார்த்தபடியேதான் இருக்கிறது. விரல்கள் மடங்குகின்றன, நீளவில்லை. மற்றபடி நலம். தொண்டாமுத்தூரில் உன் சித்தப்பா லட்சுமிநாராயணனின் தோப்புக்குள் யானை புகுந்து தென்னங்கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. அவர் யானையை ஒன்றும் சொல்வதில்லை, வேலி போட்டவனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.

சென்ற ஆண்டு நீ கொண்டுவந்து வைத்த டிஜிட்டல் பியானோவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவளே வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நீ சொன்னாய்: “இனி நான் உன்ற வலது கைம்மா. அங்கிருந்து வாசிச்சு டிஸ்க்குல அனுப்பறேன். நீ இடது கைய மட்டும் வாசி.” நானும் உடனிருந்தேன்.

ஃபிளாப்பி டிஸ்க்கில் பதிவாவது ஒலி அல்ல. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விரலை எடுப்பது என்ற விவரம் மட்டுமே என்றும் விளக்கினாய். அப்படியானால் விரலே நேரில் வந்து சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும் என்று கருதினேன். கைரேகைக்குரிய மதிப்பை அதற்கு அளித்தேன். நீ அனுப்பிய ஒவ்வொரு டிஸ்க்கும் தவறுதலாக அழிந்துவிடாதிருக்க, அதன் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நானே நகர்த்தி வைத்தேன்.

மாலையில் டிஸ்க்கைச் செருகி, இடது கைப் பகுதி ஒலிக்காதபடி பொத்தானை அழுத்துவேன். வலது கை மட்டும் ஒலிக்க, அவள் இடது கையால் சேர்ந்துகொள்வாள். முடிவதற்குச் சற்று முன் ஓர் இடைவெளி வரும். “பாருங்க, நிக்கறான். அம்மா கை வந்து சேரட்டும்னு நிக்கறான்” என்பாள். எதிர்வீட்டுக் காளிச்சாமி கேட்டுவிட்டு, “பையன்னா இப்புடி இருக்கோணுமுங்க” என்று தன் மகன் காதில் விழும்படி சொல்வார்.

சென்ற வாரம் டிஸ்க் செருகும் பகுதி பழுதாயிற்று. கிராஸ்கட் ரோட்டில் ஒரு கடைக்குப் பியானோவை எடுத்துச் சென்றேன். கடையை நடத்தும் சாயிரா பானு, பியானோவின் மற்ற பாகங்கள் சரியாக உள்ளனவா என்று பார்க்க, தன் கீபோர்டிலிருந்து அதற்கு ஒரு மிடி கேபிளை, அதாவது ஒரு கருவியின் கட்டளையை இன்னொன்றில் ஒலிக்கச் செய்யும் கம்பியை, இணைத்தார். அங்கே கட்டளை வெளியேறும் துளையிலிருந்து இங்கே கட்டளை நுழையும் துளைக்கு. பிறகு கடையிலிருந்த டிஸ்க் ஒன்றைத் தன் கீபோர்டில் செருகினார்.

நீ வாசித்தது ஒலித்தது. சத்தம் நம் வீட்டுப் பியானோவுடையது, கட்டளை வேறெவருடையதோ. அதே இடத்தில் நின்றது. அதே அளவு நின்றது.

சந்தேகத்தின் பலனை உனக்கு அளிக்க விரும்பி, டிஸ்க் முழுவதையும் போடச் சொன்னேன். நீ தனித்தனி டிஸ்க்குகளில் அனுப்பிய அத்தனையும் அந்த ஒன்றிலேயே இருந்தன. இது ஏது என்று கேட்டேன். “கம்பெனிக்காரங்களே பியானோவோட குடுக்கறதுங்க சார். உங்க பெட்டியில வரலீங்களா?” என்றார். வரவில்லை என்றேன். அந்தப் பெட்டியைப் பிரித்தவன் நீ. அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டவனும் நீயே என்பது ஊகம்.

நேரமில்லை என்று எழுதியிருக்கலாம். அதை அவளுக்குப் படித்துக்காட்டியிருப்பேன். வருந்தியிருப்பாள், பொறுத்தும் இருப்பாள். நீயோ ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ‘அம்மாவுக்காக நான் வாசித்தது’ என்று உன் கையால் எழுதினாய். ஏமாற்றுவதற்கு அவ்வளவு தேவையில்லை, சசிதர்.

உன் அம்மாவுக்கு இது தெரியாது. பியானோ நாளை வீடு திரும்புகிறது. மாலையில் டிஸ்க் கேட்பாள். பொய்ச்சாட்சி என்று தெரிந்தும் ஒருவரைக் கூண்டில் ஏற்றியவன் அல்லன் நான். நாளை என் வீட்டுக் கூடத்தில் அதைச் செய்யப்போகிறேன், உனக்காக.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். ஒரே ஒரு டிஸ்க், நீயே வாசித்து அனுப்பு. தப்பும் தவறுமாக இருக்கட்டும், பாதியில் நின்றுபோனால் பாதியாகவே இருக்கட்டும். அவள் கேட்கும்போது நான் தலைகுனியாமல் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கிருந்தாலும் நன்றாக இரு.

முக்கியமான எதையும் சாட்சியின்றி எழுதி எனக்குப் பழக்கமில்லை. என் குமாஸ்தா தம்பிதுரை முதல் சாட்சி. உன் சித்தப்பா இன்று மாலை வருவார். அவரிடமும் கையொப்பம் பெற்று உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கும்படி தம்பிதுரையிடம் சொல்லிவிட்டு நீதிமன்றம் செல்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்) சென்னகிருஷ்ணன்

சாட்சிகள்:

1. தம்பிதுரை, வழக்கறிஞர் குமாஸ்தா

2. கண்ணு சசி, உங்க சித்தப்பா வரலை. தம்பிதுரைகிட்ட வாங்கி நான் படிச்சுப்போட்டேன். இடது கையில எழுதறேன், கோணலாத்தான் இருக்கும். மொத டிஸ்க்கு வந்தன்னைக்கே எனக்குத் தெரியும். பந்து பட்டு வளைஞ்ச உன்ற சுண்டுவிரல் மேல் கட்டைக்கு எட்டாது. டிஸ்க்குல எட்டுச்சு. உங்க நைனா மனசு ஒடைஞ்சு போவாருன்னுதான் நீ எனக்காக நிக்கறதாச் சொல்லிட்டிருந்தேன். இனி டிஸ்க்கு அனுப்ப வேண்டாஞ் சாமி. இடது கையோட நான் வாசிச்சுக்கறேன். வலது கை இல்லாம இருந்து எனக்குப் பழகிப்போச்சு.

பத்மாவதி