ஒரு வாரம் பஸ்ஸில் சுற்றிப் பார்க்க வர விரும்பும் என் தோழிக்கு விசா மறுக்கப்பட்டது குறித்து

அனுப்புநர்:
இறக்குமதி நிறுவனம் ஒன்றின் சரக்கு ஆவணப் பிரிவில் மூத்த எழுத்தராகப் பணிபுரிபவர்,
துறைமுகச் சாலைப் பின்புறக் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டவர் வருகை அனுமதித் துறை.

பொருள்: தோழியின் சுற்றுலா விசா மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழில் எழுதிய மனுக்களும் ஏற்கப்படும் என்று தங்கள் அலுவலக வாசலில் பலகை வைத்திருக்கிறீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். அலுவலகத்தில் நாள் முழுவதும் நான் எழுதுவது தங்கள் மொழியில்தான். ஆனால் இந்த விஷயத்தை மட்டும் அதில் எழுத எழுத, உடைந்த சரக்குக்கு நஷ்டஈடு கேட்பது போலவே வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

1. என் தோழியை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். உடன்பிறந்தவர் அல்லர். ஒரு வாரம் இங்கு வந்து போக விசா கேட்டு, எங்கள் நாட்டில் உள்ள தங்கள் அலுவலகத்துக்குச் சென்ற மாதம் நேர்காணலுக்குப் போனார். எதற்காகப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "சும்மாதாங்க. ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாம்னு" என்று அக்கா சொல்லியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் அதை "காரணம் எதுவும் இல்லை" என்று சொல்ல, விசா மறுக்கப்பட்டது.

2. மொழிபெயர்ப்பாளர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அகராதிப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் எங்கள் வீடுகளுக்குக் காரியம் ஆக வேண்டி வருகிறவர்கள்தான் காரணத்தோடு வருவார்கள். பிரியத்தில் வருகிறவர்கள் "சும்மா வந்தேன்" என்பார்கள். அக்கா சொன்னது இந்தச் சும்மாவை.

3. நான் இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தபோது, அக்கா இதே நிறுவனத்தில் நஷ்டஈட்டுப் பிரிவில் இருந்தார். சலவைக் கடைக்கு மேலிருந்த ஓர் அறையில் இருவரும் தங்கினோம். இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவரும் தண்ணீர்க் குழாய்களும்தான் தெரியும். வந்த புதிதில் அந்தச் சுவரைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அக்கா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "அழுதுட்டு வா, சாதம் ஆறுது" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அழத் தோன்றவில்லை.

4. அந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ ஒருவர் மாலை வேளையில் டிரம்பெட் பழகுவார். முகம் தெரியாது. தினமும் ஒரே பாட்டு. தினமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார். அந்த இடம் நெருங்கும்போது அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பார். "இன்னிக்கும் போச்சு" என்று சிரிப்போம். ஒருநாள் அவர் தடுக்காமல் கடந்துவிட்டார். இருவரும் எங்களை அறியாமல் ஜன்னலில் நின்று கைதட்டினோம். உடனே அவர் முழுப் பாட்டையும் முதலிலிருந்து எங்களுக்காக வாசித்தார். அக்காவின் முகம் அன்று இருந்ததைப் போல் நான் பின்னர் பார்க்கவே இல்லை.

5. விடுமுறை நாட்களில் எங்களுக்குப் போக இடம் இல்லை. உறவினர் வீடு கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. ஆகவே வருகிற பஸ்ஸில் ஏறி, அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரை போவோம். இறங்கி, அங்கிருக்கும் வீடுகளையும் காயப்போட்ட துணிகளையும் பார்த்துக்கொண்டு நடப்போம். டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவோம். எங்கள் காசாளரும் தமிழர்தான். "என்னம்மா, இந்த வாரம் எந்த ஊருக்கு கலெக்டர் விசிட்?" என்று கேலி செய்வார். ஒருமுறை கடைசி நிறுத்தத்தில் பஸ் பழுதாகி, கொட்டும் மழையில் மாட்டிக்கொண்டோம். அங்கிருந்த முடிதிருத்தும் கடைக்காரர் எங்களை உள்ளே உட்கார வைத்துத் துண்டு கொடுத்தார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு சுற்று சுற்றினார். பிறகு இன்னொரு சுற்று.

6. இதை ஏன் எழுதுகிறேன் என்று தங்களுக்குத் தோன்றலாம். அக்கா தம் வீட்டில் மூத்த மகள். ஊருக்குப் போகும்போது அவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன்; அங்கே அவர் இப்படிச் சுற்றி நான் கண்டதில்லை. அங்கே அவருக்கு உட்காரவே நேரம் இருக்காது. அவரை யாரும் எதற்கும் கூப்பிடாமல் விட்டது இந்த நாட்டில்தான்.

7. அவர் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிடுவாரோ என்று தங்கள் துறை ஐயப்படுவது நியாயமே. அதற்கு என் பதில்: அவர் இருக்கச் சொன்னபோதே இருக்காதவர். அவருடைய தந்தை பக்கவாதத்தில் விழுந்தபோது, அக்காவுக்குப் பிரிவுத் தலைவர் பதவி வந்திருந்தது. மேலாளர் நேரில் அழைத்து, ஆறு மாதம் விடுப்பில் போய் வாருங்கள், நாற்காலி காத்திருக்கும் என்றார். அக்கா யோசிக்கவில்லை. "அப்பாவ பாதியில விட்டுட்டு வர முடியாதுங்க" என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, தம் குளிர்கோட்டை எடுத்து என் தோளில் போட்டார். "அங்க எனக்கு எதுக்குடி இது? வேர்த்துக் கொட்டும்" என்றார். அதன்பின் தந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். சென்ற ஆண்டு தந்தை காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்தபின், தம்பி குடும்பத்தார் "உனக்கு என்னக்கா வேணும்?" என்று கேட்டிருக்கிறார்கள். நகை கேட்பார், இல்லையென்றால் கோயில் குளம் போகக் கேட்பார் என்று எதிர்பார்த்தார்கள். "அந்த ஊருக்குப் போய் பஸ்ல ஏறணும்" என்றாராம்.

8. அவர் தங்கப்போவது என் வீட்டில். முழுப் பொறுப்பும் என்னுடையது. என் கணவர் இப்போதே, "அக்கா வந்தா நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்று தலையணையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். எனக்கும் விடுப்பு கிடைத்திருக்கிறது.

9. நேற்று அக்காவிடம் தொலைபேசியில் பேசினேன். மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தடுத்தார். மறுப்புக் கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருப்பதாக அப்போதுதான் படித்துக் காட்டினார்: "விண்ணப்பதாரருக்கு இந்நாட்டுடன் தொடர்பு எதுவும் இல்லை." படித்துவிட்டு, "சரியாத்தான்டி எழுதிருக்காங்க. எனக்கு அங்க யாரு இருக்கா? நீ உன் குடும்பத்தப் பாரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

10. ஐயா, எங்கள் நிறுவனம் இன்றும் நஷ்டஈட்டுக் கடிதங்களை அவர் வகுத்த முறையில்தான் எழுதுகிறது. அவருடைய இளமை முழுவதும் இந்த ஊரில் கழிந்தது. ஊருக்குப் போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும், மழை பெய்தால், "அங்கயும் பெய்யுதா?" என்று எனக்குச் செய்தி அனுப்புகிறார்.

எனவே, மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு, அவருக்கு ஒரு வார விசா வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கொடுப்பதும் மறுப்பதும் தங்கள் அதிகாரம். அதில் நான் வாதாட முடியாது. ஒருவேளை மறுபடியும் மறுக்க நேர்ந்தால், வேறு எந்தக் காரணத்தை எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறோம். தொடர்பு இல்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு அவருக்கு வேறு கடிதம் அனுப்புங்கள். அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: மறுப்புக் கடிதம் வந்த அடுத்த திங்கட்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மூத்த எழுத்தர், சரக்கு ஆவணப் பிரிவு