படத்தின் ஓரத்தில் ஒரு நம்பர்

செவ்வாய், இரவு.

லேப்புக்கு வெளியே, நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் மாட்டப் படங்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மைக்ரோஸ்கோப்பில் எடுத்த புற்றுநோய்த் திசுக்கள். சாயம் ஏற்றினால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக அழகாகத்தான் இருக்கும். நோயாளிகளின் பெயர் எதுவும் போடவில்லை, கீழே 'புற்றுநோய்த் திசு' என்று மட்டும். ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் நோயாளியின் ஸ்லைடு நம்பரை வெட்ட மறந்துவிட்டேன்.

கொள்ளேகாலத்திலிருந்து மைசூருக்கு வேலைக்கு வந்த கொத்தனார் ஒருவர் இன்று அதன் முன்னால் நின்றிருந்தார். கையில் மனைவியின் ரிப்போர்ட்.

"மேடம், இது எங்க வீட்டுக்காரியோட நம்பருங்களே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க. தப்பு என்னோடதுதான். இப்பவே கழட்டிடறேன்" என்றேன்.

"வேண்டாங்க. அவளுக்கு வெறும் கட்டின்னுதான் சொல்லி வச்சிருக்கோம். போன வாரம் இது பூ மாதிரி இருக்குதுன்னு பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டா. கழட்டினா எங்கேன்னு கேப்பா."

சாயங்காலம் நம்பர் மேல் மட்டும் வெள்ளை டேப் ஒட்டினேன். நாளைக்கு அவள் ஊசிக்கு வருகிறாள். அவள் கையில் வைத்திருக்கும் சீட்டிலும் அதே நம்பர்தான்.

அவள் போனில் இருக்கும் அந்தப் போட்டோவில் டேப் இருக்காது. இப்போதுதான் உறைக்கிறது.